ஆலோசகரை விட்டு வந்தவனின் பார்வையில் ரிசர்வ் வங்கியின் ரீட்டெய்ல் டைரக்ட்

ராணிப்பேட்டையில் ஒரு தொழிற்சாலையின் கணக்குப் பிரிவில் முப்பத்திரண்டு ஆண்டுகள் வேலை பார்த்து 2022-ல் ஓய்வு பெற்றபோது, கைக்கு வந்த பி.எஃப்., கிராஜுவிட்டித் தொகையின் பெரும்பகுதியை ஒரு முதலீட்டு ஆலோசகரிடம் ஒப்படைத்தேன். கம்பெனிக் கணக்கில் ஒரு ரூபாய் இடித்தாலும் வீட்டுக்குக் கிளம்பாதவன், சொந்தக் கணக்கை ஒன்றரை ஆண்டு பிரித்துக்கூடப் பார்க்கவில்லை. பார்த்த அன்றுதான், என் பணம் முழுவதும் மியூச்சுவல் ஃபண்டுகளின், விற்பவருக்குத் தரகு கழியும் ரெகுலர் பிளானில் இருப்பதும், தரகு கழியாத டைரக்ட் பிளான் 2013 ஜனவரி முதலே எல்லா ஃபண்டுகளிலும் கிடைப்பதும் தெரிந்தன. அந்தத் தரகு இருபது லட்சத்தில் ஆண்டுக்கு ஒரு சதவீதம் என்றால் இருபதாயிரம் ரூபாய். வேலூர் சத்துவாச்சாரியில் உள்ள என் வீட்டுக்கு இரண்டு மாத மளிகையும் பாலும் அதில் அடங்கும். "சார், நீங்க எதுக்கும் கவலைப்படாதீங்க" என்று அவர் சொன்னதில் பொய் ஒன்றுமில்லை. கவலைப்படாமல் இருந்ததற்குத்தான் அந்தக் கட்டணம். வெளியேற்றக் கட்டணமும் வரியும் பார்த்துப் பார்த்து, சிறிது சிறிதாக விற்று வெளியே வந்தேன்.

அப்படி வந்த பணத்தில் ஒரு பகுதியை வைத்திருக்கும் இடம்தான் ரீட்டெய்ல் டைரக்ட். அரசுக் கடன் பத்திரங்களைத் தனிநபர்கள் நேரடியாக வாங்குவதற்காக ரிசர்வ் வங்கி 2021 நவம்பர் 12 அன்று தொடங்கிய சேவை இது. பான், ஆதார், சேமிப்புக் கணக்கு ஆகியவற்றைக் கொண்டு வீட்டிலிருந்தே கணக்கு திறக்கலாம்; பங்குகள் வாங்கத் தேவைப்படும் டீமேட் கணக்கு இதற்குத் தேவையில்லை, கணக்கைத் திறக்கவோ பராமரிக்கவோ கட்டணமும் இல்லை. குறைந்தது பத்தாயிரம் ரூபாய் இருந்தால் போதும். புதிய பத்திரங்கள் ஏலத்தில்தான் விற்கப்படுகின்றன; ஏலம் என்ற சொல்லைக் கேட்டு நான் முதலில் தயங்கினேன். ஆனால் நம்மைப் போன்றவர்கள் விலை எதுவும் கேட்க வேண்டியதில்லை, வேண்டிய தொகையை மட்டும் குறித்துவிட்டால் பெரிய நிறுவனங்கள் கேட்ட விலைகளின் சராசரியில் நமக்குப் பத்திரம் ஒதுக்கப்படும்.

இங்கே ஒரு முக்கியமான விஷயத்தைச் சொல்ல வேண்டும். அறுபது வயதைக் கடந்தவர் முதலில் போக வேண்டிய இடம் இதுவல்ல, அஞ்சலகம். மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் 2023 ஏப்ரல் முதல் ஒருவர் முப்பது லட்சம் வரை போடலாம். அதே மாதம் முதல் வட்டி 8.2 சதவீதம், மூன்று மாதத்துக்கு ஒரு முறை கைக்கு வருகிறது. ஐந்தாண்டு, பத்தாண்டு அரசுப் பத்திரங்கள் நான் வாங்கிய காலத்தில் ஏழு சதவீதத்தை ஒட்டியே கொடுத்தன. ஆகவே முப்பது லட்சத்துக்குள் சேமிப்பு உள்ளவர் இந்தக் கட்டுரையை இத்துடன் விட்டுவிட்டு, அஞ்சலகத்தில் படிவம் வாங்கிக்கொள்ளலாம். அந்த வரம்பு நிரம்பிய பிறகு மீதிப் பணத்துக்குத்தான் ரீட்டெய்ல் டைரக்ட் பொருந்தும்.

எனக்கு இதில் மிகவும் பயன்படுவது 91 நாள் டிரஷரி பில், அதாவது அரசின் குறுகிய காலக் கடன் பத்திரம். நூறு ரூபாய்ப் பில்லைத் தொண்ணூற்றெட்டு ரூபாய்ச் சொச்சத்துக்கு வாங்கினால் மூன்று மாதம் கழித்து நூறு ரூபாய் வங்கிக் கணக்கில் வந்து விழுகிறது. இடையில் செய்ய வேண்டியது ஒன்றுமில்லை. நாடெங்கிலுமிருந்து நோயாளிகள் வந்து இறங்கும் ஊரில் குடியிருப்பவனுக்கு, மருத்துவச் செலவு எவ்வளவு அவசரமாக வரும் என்று யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. அந்தச் செலவுக்கென ஒதுக்கிய தொகையை மூன்றாகப் பிரித்து, மாதத்துக்கு ஒன்று முதிர்வடையும்படி புதன்கிழமை ஏலங்களில் வாங்கி வைத்திருக்கிறேன்.

நீண்ட காலப் பத்திரங்களில்தான் என் அறிவு தடுமாறியது. 2024-ல், வட்டி சற்றுக் கூடுதலாகத் தெரிந்த ஒரு பத்திரத்துக்கு மூன்று லட்சம் எழுதிவிட்டு, பணம் கட்டும் பக்கம் வரை போய்விட்டேன். பின்னால் நின்ற என் மனைவி, "இது எப்ப முடியும்?" என்று கேட்டாள். 2064. எனக்கு அப்போது வயது 102 ஆகியிருக்கும். முதிர்வு வரை வைத்திருந்தால் அரசுப் பத்திரத்தில் முதல் தொகைக்குப் பயமில்லை. இடையில் விற்க நேர்ந்தால், நாட்டில் வட்டி ஏறியிருந்தால் அதற்கேற்ப விலை இறங்கியிருக்கும், காலம் நீள நீள அந்த இறக்கமும் பெரிதாகும். சிறு தொகைக்கு வாங்குபவர் உடனே அமைவதும் நிச்சயமில்லை. இதை எந்தத் திரையும் வழிமறித்துக் கேட்காது, ஆலோசகர் கேட்டிருக்கக்கூடும். அவரை விட்டபின் நான் உண்மையாகவே இழந்தது அந்த ஒரு கேள்வியைத்தான் என்று நினைக்கிறேன். இப்போது அந்தப் பொறுப்பை மனைவி ஏற்றிருக்கிறாள், கட்டணமின்றி.

வட்டி விகிதம் அவ்வப்போது மாறும் ஏழாண்டு மிதவை வட்டிச் சேமிப்புப் பத்திரமும் இதே தளத்தில் கிடைக்கிறது. அஞ்சலகத் தேசிய சேமிப்புப் பத்திரமான என்.எஸ்.சி.யின் வட்டியைவிட 0.35 சதவீதம் கூடுதல் என்பதால், 2023 ஜூலையில் அது 8.05 சதவீதமாயிற்று. ஆனால் ஜனவரியிலும் ஜூலையிலும் மட்டுமே வட்டி வரும், இடையில் விற்க முடியாது. அறுபது முதல் எழுபது வயதுக்குள் உள்ளவர் ஆறாண்டு கழித்தே, அதுவும் அபராதத்துடன், பணத்தை எடுக்கலாம். மாதச் செலவுக்கு இந்த வட்டியை நம்பியிருப்பவர் இதைத் தொடாமல் இருப்பது நல்லது. மற்றொன்று: சாதாரண அரசுப் பத்திர வட்டியில் டிடிஎஸ், அதாவது வட்டி தரும்போதே கழிக்கும் வரி, பிடிப்பதில்லை என்பதை வரியே இல்லை என்று சிலர் புரிந்துகொள்கிறார்கள். வருமானவரிக் கணக்கில் அதை நாமேதான் காட்ட வேண்டும். மிதவை வட்டிப் பத்திரத்தில் டிடிஎஸ்ஸும் உண்டு.

நாமினி பெயரைக் கணக்கு திறக்கும்போதே பதிந்துவிட்டேன். எந்தப் பத்திரம் எந்தத் தேதியில் முதிர்வடைகிறது என்பதைப் பழைய கணக்குப் பிள்ளை வழக்கப்படி ஒரு நீளநோட்டில் எழுதி, அஞ்சலகப் பாஸ்புத்தகத்தோடு அலமாரியின் இரண்டாம் தட்டில் வைத்திருக்கிறேன். இடம் என் மனைவிக்குத் தெரியும்.