‘100 எம்பி வேகம்’ என்று யாராவது விற்க வந்தால், பிட்டா பைட்டா என்று முதலில் கேளுங்கள்

புதிதாக இணைய இணைப்பு வாங்கப் போகிறவர்களும், வாங்கிய பிறகு சொன்ன வேகம் ஏன் வரவில்லை என்று விளங்காமல் இருப்பவர்களும் இதைத் தயவுசெய்து முழுமையாகப் படியுங்கள். ஓர் அலகின் பெயரைத் தெளிவாகச் சொல்லாமல், நான் எதிர்பார்த்ததில் எட்டில் ஒரு பங்கு வேகத்தை என்னிடம் விற்றார்கள். கேள்வி கேட்டபோது இன்னும் பெரிய திட்டம் ஒன்றை என் தலையில் கட்டினார்கள்.

விற்க வந்தவர், “நூறு எம்பி ஸ்பீடு சார், ஒரு ஜிபி படம் பத்து செகண்டில் இறங்கிடும்” என்றார். அவர் கொடுத்த தாளிலும் ‘100 எம்பி’ என்று தமிழிலேயே அச்சிட்டிருந்தது. பத்து நொடிக்கு ஒரு ஜிகாபைட் என்றால் நொடிக்கு 100 மெகாபைட். அந்தக் கணக்கை நம்பி, வேலைக்குத் தேவையான 90 ஜிகாபைட் காப்புப் பிரதியைப் பதினைந்து நிமிடத்தில் இறக்கித் தருவதாக ஒருவருக்கு வாக்குக் கொடுத்துவிட்டேன். இறங்கி முடிக்க இரண்டு மணி நேரத்துக்கும் மேலாயிற்று. பதிவிறக்கப் பெட்டியில் இருந்த எண் 11.2-ஐத் தாண்டவே இல்லை.

புகார் செய்தபோது, வேகச் சோதனை நடத்திப் பார்க்கச் சொன்னார்கள். 94 என்று காட்டியது. “சரியாகத்தானே சார் வருது” என்று சொல்லி அழைப்பைத் துண்டித்துவிட்டார்கள். அந்த 94-ம் பதிவிறக்கப் பெட்டியின் 11.2-ம் ஒரே வேகம்தான் என்பதை அன்று இரவு நானே உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பார்த்த பிறகே புரிந்துகொண்டேன்.

கணினித் தரவின் மிகச் சிறிய அலகு பிட்; ஒரு பைட் என்பது 8 பிட். கம்பியில் ஓடும் வேகத்தைப் பிட்டிலும், கோப்பின் அளவைப் பைட்டிலும் சொல்வது நெடுநாள் வழக்கம். ஆங்கிலத்தில் பிட்டுக்குச் சிறிய எழுத்தும் பைட்டுக்குப் பெரிய எழுத்தும் போட்டு இவற்றை வேறுபடுத்துவார்கள். தமிழில் சிறிய எழுத்து, பெரிய எழுத்து என்ற பேதமே கிடையாது. ஆகவே ‘எம்பி’ என்று எழுதிய உடனேயே அந்த வேறுபாடு மறைந்துவிடுகிறது, வாயால் சொல்லும்போதும் அப்படியே. நம் மொழியில் விளம்பரம் படிக்கிறவர்கள்தான் இதில் எளிதில் ஏமாறுகிறோம் என்பதே என் பெரிய ஆதங்கம்.

நொடிக்கு 100 மெகாபிட் என்றால் 10 கோடி பிட்; எட்டால் வகுத்தால் 1 கோடியே 25 லட்சம் பைட், அதாவது 12.5 மெகாபைட். அதுவும் முழுதாக நம் கைக்கு வராது. ரவுட்டரையும் கணினியையும் இணைக்கும் ஈதர்நெட் கம்பியில் ஒவ்வொரு தரவுப் பொட்டலமும் முகவரி, சரிபார்ப்பு, இடைவெளி எல்லாம் சேர்த்து 1538 பைட் இடத்தை அடைத்துக்கொள்ளும். அதில் நம் கோப்பின் பங்கு பெரும்பாலும் 1448 பைட். எனவே நூறில் 94 மிஞ்சுகிறது. இந்தக் குறைவு யாருடைய குற்றமும் அன்று. 94.1-ஐ எட்டால் வகுத்தால் ஏறத்தாழ 11.76. ஆனால் விண்டோஸைப் போலவே என் பதிவிறக்கச் செயலியும் ஒரு மெகாபைட்டைப் பத்து லட்சம் பைட்டாகக் கொள்ளாமல், 1024-ஐ 1024-ஆல் பெருக்கி 10,48,576 பைட்டாகக் கணக்கிடுகிறது. அதனால் அது 11.2 ஆயிற்று. இந்த இரண்டாவது அளவுக்கு ‘மெபிபைட்’ என்ற தனிப்பெயரைப் பன்னாட்டு மின்தொழில்நுட்ப ஆணையம் 1998-லேயே ஏற்றுக்கொண்டது. ஆனாலும் திரையில் பழைய பெயரே தொடர்கிறது.

ஆக, விற்றவர் சொன்ன பத்து நொடி, உண்மையில் சுமார் 85 நொடி. இதை எடுத்துச் சொன்னபோது அவர்கள் வருத்தம் தெரிவிக்கவில்லை. 300 மெகாபிட் திட்டத்துக்கு மாறச் சொன்னார்கள். வேறு வழி தெரியாமல் மாறினேன். கூடுதல் கட்டணம் கட்டி இரண்டு மாதம் ஆகியும் சோதனையில் அதே 94. என்னை மிகவும் கோபப்படுத்தியது இதுதான். திட்டம் பெரிதாகியும் 94-லேயே வேகம் நின்றால், வழியில் எங்கோ 100 மெகாபிட்டுக்கு மேல் போகாத ஒரு முட்டு இருக்கிறது என்று பொருள். சில சமயம் அது ரவுட்டரின் போர்ட்டாக இருக்கும். என் வீட்டில் அது கேபிளின் முனையில் இருந்தது. கண்ணாடி போன்ற அந்தக் கனெக்டரை விளக்கொளியில் பிடித்துப் பார்த்தேன்; எட்டுக் கம்பி நுழைய வேண்டிய இடத்தில் ஆரஞ்சு, பச்சை இணைகளின் நான்கு கம்பிகள் மட்டுமே இருந்தன. நீலத்தையும் பழுப்பையும் உறையோடு ஒட்ட வெட்டிவிட்டிருந்தார்கள். நான்கு கம்பியில் 100 மெகாபிட் ஓடும். அதைவிட வேகமான ஜிகாபிட் ஈதர்நெட்டுக்கு எட்டும் வேண்டும். வேறொருவரை அழைத்து முனையை மாற்றியதும் சோதனையில் 285 வந்தது, பதிவிறக்கப் பெட்டியில் 34.

நீங்கள் கையெழுத்திடும் முன், ‘நொடிக்கு இத்தனை மெகாபிட்’ என்று அலகை முழுச் சொல்லாக எழுதித் தரச் சொல்லுங்கள்; எழுதித் தரத் தயங்குகிறவரிடம் வாங்காதீர்கள். பதிவேற்ற வேகத்தைத் தனியாகக் கேளுங்கள், அது பல திட்டங்களில் மிகவும் குறைவு. எண்ணுக்குப் பின்னால் ‘வரை’ என்று இருந்தால் அது உச்ச வரம்பு மட்டுமே. பொருத்த வருகிறவர் கிளம்புவதற்கு முன்பே, கணினியைக் கேபிளில் இணைத்து அவர் எதிரிலேயே சோதித்துப் பாருங்கள்.

அந்த இரண்டு மாதக் கூடுதல் கட்டணத்தைத் திருப்பித் தர இன்றுவரை மறுக்கிறார்கள். வெட்டியெடுத்த கனெக்டரை எறியாமல் வைத்திருக்கிறேன். எழுத்துப் புகாரோடு நான் இணைத்து அனுப்பிய படத்தில் காலியாக இருக்கும் நான்கு இடங்களும் தெளிவாகவே தெரிகின்றன.