பைக் ஓட்ட எந்தப் பவர் கண்ணாடி? ஹெல்மெட்டுக்குள் வைத்து ஓர் ஒப்பீடு

கண்ணாடிக் கடையில் கிடைக்கும் அறிவுரை பெரும்பாலும் முகத்துக்கு எது எடுப்பாக இருக்கும் என்பதோடு முடிந்துவிடும். அங்கே சுவரில் மாட்டியிருக்கும் முகம் பார்க்கும் கண்ணாடியில் தெரிவது ஹெல்மெட் இல்லாத முகம். வண்டி ஓட்டும்போதோ கண்ணுக்கு முன்னால் இரண்டு அடுக்கு இருக்கிறது: வெளியே ஹெல்மெட்டின் வைசர், உள்ளே உங்கள் பவர் கண்ணாடி. காற்றையும் தூசியையும் ஈசலையும் வைசர் பார்த்துக்கொள்ளட்டும். பவரைக் கண்ணாடி பார்த்துக்கொள்ளட்டும். எல்லாவற்றையும் கண்ணாடியின் தலையிலேயே கட்டப் பார்க்கும்போதுதான் செலவும் தொல்லையும் கூடுகின்றன. முழு முக ஹெல்மெட் போடுகிறவர்களை மனத்தில் வைத்தே எழுதுகிறேன். திறந்த முக ஹெல்மெட்காரர்களுக்குக் கணக்கு மாறும் இடங்களை அங்கங்கே சொல்கிறேன்.

லென்ஸ்: சாதா பிளாஸ்டிக்கா, பாலிகார்பனேட்டா, டிரைவெக்ஸா?

கடையில் கேட்காமலே கொடுக்கும் சாதா பிளாஸ்டிக் லென்ஸ் பெரும்பாலும் சிஆர்-39. தெளிவில் அதைக் குறை சொல்ல முடியாது. லென்ஸ் நிறங்களை எவ்வளவு குறைவாகப் பிரிக்கிறது என்பதற்கு அப்பே எண் என்று ஓர் அளவு உண்டு. கூடுதலாக இருந்தால் நல்லது. சிஆர்-39க்கு அது 58. ஆனால் பலமாக அடிபட்டால் உடைந்து சில்லாகும். லாரிச் சக்கரத்திலிருந்து தெறிக்கும் கல்லுக்கும், கீழே விழுந்தால் ஹெல்மெட்டுக்குள் நடப்பதற்கும் அது ஏற்ற பொருள் இல்லை.

பாலிகார்பனேட்டில்தான் ஹெல்மெட் வைசரையும் செய்கிறார்கள். எளிதில் உடையாது, ஒளிவிலகல் எண் 1.59 என்பதால் லென்ஸ் மெலிதாகவும் இருக்கும். குறை அப்பே எண்ணில்: 30தான். மைனஸ் 2 வரை உள்ளவருக்கு இது தெரியவே தெரியாது. மைனஸ் 5, 6 என்று போனால், கண்ணை ஓரமாகத் திருப்பி எதிரே வரும் ஹெட்லைட்டைப் பார்க்கும்போது அதன் விளிம்பில் நீலமும் ஆரஞ்சும் கசியும். இன்னொரு குறை, இது மென்மையான பொருள். ஹார்ட் கோட்டிங் இருந்தும், தூசி படிந்த லென்ஸைச் சட்டை நுனியால் துடைத்தால் கீறல் விழும்.

டிரைவெக்ஸ் 2001இல் வந்தது. உறுதியில் பாலிகார்பனேட்டுக்கு அருகில் நிற்கும், அப்பே எண் சுமார் 44, எடையும் குறைவு. ஒளிவிலகல் எண் 1.53 என்பதால் லென்ஸ் சற்றுத் தடிக்கும், விலையும் கூடும், எல்லாக் கடையிலும் இருக்காது. மைனஸ் 4க்கு மேல் போனவர்கள் இதைத் தேடிப் பிடிக்கலாம் என்பது என் கட்சி. அதற்குக் கீழே பாலிகார்பனேட் தாராளமாகப் போதும். 'ரொம்ப மெலிசு' என்று விற்கப்படும், ஒளிவிலகல் எண் 1.67 உள்ள லென்ஸுக்கும் அப்பே எண் 32 அளவில்தான் இருக்கிறது; உறுதியோ பாலிகார்பனேட்டை எட்டாது. பைக்குக்காக மட்டும் அந்தப் பணம் வீண். இன்னும் சிலர் வைத்திருக்கும் அசல் கிளாஸ் லென்ஸ் வேண்டவே வேண்டாம்.

எதை எடுத்தாலும் ஆன்டி ரிஃப்ளெக்‌ஷன் கோட்டிங் இல்லாமல் எடுக்காதீர்கள். கோட்டிங் இல்லாத பிளாஸ்டிக் லென்ஸ் தன் மேல் விழும் ஒளியில் 8 சதவீதம் அளவுக்குத் திருப்பி அனுப்பிவிடும். பின்னால் வரும் வண்டியின் விளக்கு லென்ஸின் உட்புறம் பட்டுக் கண்ணிலேயே அடிப்பதும் இதனால்தான்.

வெயிலுக்கு: நிறம் மாறும் லென்ஸா, போலரைஸ்டா, கூலிங் கிளாஸா?

வெயிலில் கறுத்து நிழலில் தெளியும் போட்டோக்ரோமிக் லென்ஸ்தான் பைக்குக்கு என்றே பிறந்தது போலத் தோன்றும். ஆனால் சாதாரண போட்டோக்ரோமிக் கறுக்கப் புற ஊதாக் கதிர் வேண்டும். பாலிகார்பனேட் வைசர் அதை முன்னாலேயே தடுத்துவிடுகிறது. வைசரை மூடிக்கொண்டு நண்பகலில் ஓட்டினாலும் லென்ஸ் ஏறக்குறைய தெளிவாகவே இருக்கும். போதாக்குறைக்குச் சூடு கூடினால் இது கறுப்பதும் குறையும், அதாவது நம் ஊர் மே மாத வெயிலில் அதன் சாயம் வெளுத்துவிடும். காருக்குள்ளும் கறுக்கும் வகை ஒன்று இருக்கிறது. அது கண்ணுக்குத் தெரியும் ஒளிக்கும் வினையாற்றும். பதிலுக்கு இருட்டிலும் லேசான சாயல் தங்கிவிடும். திறந்த முக ஹெல்மெட் போடுகிறவர்களுக்கு மட்டும் போட்டோக்ரோமிக் பயன்படும்.

தண்ணீர், சாலை போன்ற பரப்புகளில் பட்டுத் திரும்பும் கூசலை வடிகட்டும் போலரைஸ்டு லென்ஸ் கடற்கரையில் அருமை. கிழக்குக் கடற்கரைச் சாலையில் காலை வெயில் தண்ணீரில் பட்டு அடிக்கும்போது அதன் அருமை தெரியும். பைக்கில் சிக்கல் வேறு. ஈரமான சாலையின் மினுமினுப்பும் சிந்திய டீசலின் பளபளப்பும் நமக்கு எச்சரிக்கை. அவற்றைத்தான் இந்த லென்ஸ் அழிக்கிறது. டிஜிட்டல் மீட்டரும் ஹேண்டில்பாரில் மாட்டிய போனும் சில கோணங்களில் இருண்டுபோகும். சில வைசர்கள் வழியாகப் பார்த்தால் வானவில் திட்டுகள் வேறு தெரியும். காருக்கு வாங்கலாம், பைக்குக்கு நான் வாங்கமாட்டேன்.

பவர் போட்ட கூலிங் கிளாஸ் பகலுக்கு நேர்மையான தீர்வு. பொழுது சாய்ந்தால் மாற்ற இன்னொரு கண்ணாடி கையில் இருக்க வேண்டும், அவ்வளவுதான். மிகக் கறுப்பான கேட்டகரி 4 லென்ஸ் 3 முதல் 8 சதவீத ஒளியை மட்டுமே விடும். அது எந்த வண்டி ஓட்டவும் ஆகாது. ஆனால் உள்ளே இறங்கும் சன் வைசர் வைத்த ஹெல்மெட் இதையெல்லாம்விட வசதி. மாலையில் பொள்ளாச்சியிலிருந்து பாலக்காடு பக்கம் போகும்போது முகத்துக்கு நேரே சூரியன். அடுத்த வளைவில் மர நிழல். விரலால் இறக்கி ஏற்ற முடிகிற ஒன்றுதான் அங்கே செல்லும். வாங்கும் முன் அது உங்கள் பிரேமில் இடிக்கிறதா என்று போட்டுப் பாருங்கள்.

இரவுக்கென்று விற்கும் மஞ்சள் கண்ணாடி ஒளியைக் குறைக்கிறதே தவிர, இருட்டில் சாலையைக் கடப்பவரைக் காட்டித் தருவதில்லை. தவிர்த்துவிடுங்கள்.

பிரேம்

காதுக்குப் போகும் கம்பி மெல்லியதாகவும் நேராகவும் இருந்தால் ஹெல்மெட் மாட்டிய பிறகும் வழுக்கி உள்ளே போகும். அகலமான கம்பி பொட்டில் அழுத்தி, அரை மணி நேரத்தில் தலைவலியைக் கொண்டுவரும். டிஆர்90 என்னும் வளையும் நைலான் பிரேம், முழு விளிம்போடு, எனக்கு முதல் தேர்வு. ரிம்லெஸ் பார்க்க நன்றாக இருக்கும்; ஹெல்மெட்டைக் கழற்றி மாட்டும் இழுபறியில் ஸ்க்ரூ ஓட்டை பக்கம் விரிசல் விடும். ஆர்15 போலக் குனிந்து ஓட்டும் வண்டியில் நாம் லென்ஸின் மேல் பகுதி வழியாகத்தான் சாலையைப் பார்க்கிறோம். அங்கே குள்ளமான பிரேம் எடுத்தால் மேல் விளிம்பு சரியாகப் பார்வையை வெட்டும். புல்லட்டில் நிமிர்ந்து உட்காருகிறவருக்கு இந்தப் பிரச்சினை இல்லை.

முகத்தை ஒட்டி வளைந்த ஸ்போர்ட்ஸ் பிரேம், ஆரல்வாய்மொழிக் காற்றில் திறந்த முக ஹெல்மெட்டோடு போகிறவருக்கு வரம். ஆனால் வளைந்த லென்ஸில் அதே பவரை அப்படியே போட்டால் ஓரங்கள் நெளியும். வளைவுக்கு ஏற்ப பவரைத் திருத்தித் தருகிற கடை வேண்டும். சுமார் 4க்கு மேல் பவரோ, பெரிய சிலிண்டரோ (சிதறல் பார்வைக்கான பவர்) இருந்தால் யோசியுங்கள். கண்ணாடிக்குப் பின்னால் செருகும் பவர் இன்சர்ட் ஒரு மாற்றுதான். மழையில் இரண்டு லென்ஸும் சேர்ந்து ஆவி பிடிக்கும்.

காண்டாக்ட் லென்ஸ்

பக்கவாட்டுப் பார்வையில் இதற்கு ஈடு எதுவும் இல்லை. ஆவி படியாது, கம்பி அழுத்தாது, எந்தக் கூலிங் கிளாஸும் போடலாம். எதிர்ப்பக்கம்: காற்று பட்டால் கண் வறளும், ஒரு தூசி போதும் வண்டியை ஓரம்கட்ட. வைசரை மூடியே ஓட்டுகிறவருக்கு மட்டும்தான் சொல்வேன், அதுவும் தினம் ஒன்று போட்டுத் தூக்கி எறியும் வகையை. வழியில் கழற்ற நேர்ந்தால் டீக்கடைத் தண்ணீரில் அலசி மறுபடி மாட்டாதீர்கள். குழாய்த் தண்ணீரிலிருந்து கண்ணைக் கெடுக்கும் தொற்று வரலாம். பையில் மாற்றுக் கண்ணாடி இல்லாமல் இந்த வழியில் கிளம்பவே வேண்டாம்.

நாற்பதைத் தாண்டியவர்களுக்கு

பைஃபோகலில் படிப்பதற்கென்று இருக்கும் கீழ்க்கட்டம் பைக்கில் இடைஞ்சல். காலை ஊன்ற இடம் பார்க்கும்போது தரை மங்கலாகத் தெரியும். தூரப் பவரிலிருந்து கிட்டப் பவருக்குக் கோடில்லாமல் படிப்படியாக மாறும் புரோகிரசிவ் அதைவிடப் பரவாயில்லை, மீட்டரும் மேப்பும் தெளிவாகத் தெரியும். ஆனால் ஓரங்களில் நெளிவு உண்டு. திரும்பும்போது கண்ணை மட்டும் ஓட்டாமல் தலையையே திருப்பப் பழக வேண்டும். மீட்டர் இருக்கும் தூரம் பெரும்பாலானவர்களுக்குத் தூரப் பார்வைக் கண்ணாடியிலேயே ஓரளவு தெரிந்துவிடும். அப்படித் தெரிகிறவர்கள் வண்டிக்கென்று தூரப் பவர் மட்டும் போட்ட ஒரு ஜோடி செய்துகொள்வது மலிவு. பெட்ரோல் பங்க் ரசீதைப் படிக்க ரீடிங் கிளாஸ் ஒன்றைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டால் போயிற்று.