ஒளியால் கணக்குப் போடும் சிப்: மூன்று வழிகள், ஒரு கேள்வி

ஒளி சிப்பைக் கடந்து முடிப்பதற்குள் அணிப் பெருக்கலின், அதாவது எண் அட்டவணைகளைப் பெருக்கும் கணக்கின், விடை வந்துவிட வேண்டும்: எண்களை ஒளியின் அளவாகவே வைத்துக் கணக்குப் போடும் அனலாக் ஒளிக் கணிப்பின் ஆசை இதுதான். அந்த அணியின் எண்களைத் தேவைப்படும்போது மாற்ற மூன்று வழிகள் போட்டியிடுகின்றன. எது சிறந்தது என்பதைவிட, எண்களை எத்தனை தடவை மாற்றப்போகிறோம் என்று கேட்டால் தெரிவு எளிதாகிவிடும்.

அதிகம் பேசப்படுவது மாக்-ஸெண்டர் குறுக்கீட்டுமானி வலை. ஒளியை இரண்டாகப் பிரித்து, ஒரு கிளையின் கட்டத்தை (அலையின் ஏற்ற இறக்க நிலையை) நகர்த்தி, மறுபடி சேர்ப்பதே ஒவ்வொரு முடிச்சின் வேலை. 1994-இல் ரெக் குழுவினர் முக்கோண அடுக்கைக் காட்டினர்; 2016-இல் கிளெமென்ட்ஸ் குழு அதை நீள்சதுரமாக்கி ஒளிப்பாதையின் ஆழத்தைக் கிட்டத்தட்டப் பாதியாகக் குறைத்தது. கணக்கு சுத்தம், ஆனால் இடம்தான் இடிக்கிறது: 8 ஒளிப்பாதைகளுக்கு 28 முடிச்சுகள் போதும், 64 ஒளிப்பாதைகளுக்கு 2,016 வேண்டும். பெரும்பாலும் கட்டத்தை நகர்த்துவது குட்டி ஹீட்டர்கள். எண் மாறாவிட்டாலும் அவை மின்சாரம் குடித்துக்கொண்டே இருக்கும். முடிச்சுதோறும் சிறு பிழையும் சேர்கிறது. எம்ஐடி குழு 2017-இல் 56 குறுக்கீட்டுமானிகளை வைத்து உயிரொலிகளை இனங்காணச் செய்தபோது கிடைத்த துல்லியம் 76.7%; அதே வேலையில் சாதாரணக் கணினிக்கு 91.7%.

இரண்டாவது வழியான நுண்வளையங்கள், அதாவது ஒளி சுற்றிவரும் குட்டி வளையங்கள், இடத்தைப் பெருமளவு மிச்சப்படுத்தும். ஆளுக்கொரு அலைநீளத்தைப் பிடித்துக்கொள்வதால் ஒரே அலைவழியில் (சிப்பில் ஒளி ஓடும் பாதையில்) பல எண்கள் போகலாம். பிரின்ஸ்டன் குழு வளர்த்த வழி இது. ஆனால் சிலிக்கான் வளையம் ஒரு டிகிரி சூடேறினாலே ஒத்ததிர்வு, அதாவது அது பிடிக்கும் அலைநீளம், 0.1 நானோமீட்டருக்குச் சற்றுக் குறைவாக நகர்ந்துவிடும். ஒத்ததிர்வின் அகலமே பல வடிவமைப்புகளில் அந்த அளவுதான். பக்கத்து வளையத்தின் சூடும் தொல்லை. கட்டுப்பாட்டுச் சுற்று இல்லாமல் இதை நம்ப முடியாது.

அப்புறம் நிலைமாற்றப் பொருள்கள்: சூடாக்கினால் அணு அடுக்கு மாறி, ஒளியை நடத்தும் விதமும் மாறும் பொருள்கள். திரும்பத் திரும்ப எழுதக்கூடிய டிவிடியில் இருக்கும் வகைப் பொருளைத்தான் அலைவழிமேல் பூசுகிறார்கள். ஒரு துடிப்பில் எழுதினால் மின்சாரம் இல்லாமலே எண் அப்படியே நிற்கும். வழக்கமான ஜெர்மானியம்-ஆன்டிமனி-டெலூரியக் கலவை ஒளியை விழுங்கும்; ஆன்டிமனி செலினைடு தொலைத்தொடர்பு அலைநீளங்களில் மிகக் குறைவாகவே விழுங்குவதால் கட்டத்தை மாற்ற உதவுகிறது. இடைநிலை மதிப்புகளைச் சரியாக எழுதுவதும், பல தடவை எழுதினால் தேய்வதும்தான் சிக்கல்.

பயிற்சி முடிந்த செயற்கை நரம்பு வலையமைப்பை ஓட்ட மட்டும் என்றால், எண்கள் அரிதாகவே மாறும்; அதற்கு என் ஓட்டு நிலைமாற்றப் பொருளுக்கே. சிப்பிலேயே பயிற்சி கொடுக்க, எண்கள் அடிக்கடி மாறுவதால், குறுக்கீட்டுமானி வலைதான் சரி. உள்ளீட்டை வேகமாக ஏற்ற, மின்னழுத்தத்தால் ஒளியின் கட்டத்தை மாற்றும் லித்தியம் நயோபேட் என்ற படிகம் நல்லது. பல கிகாஹெர்ட்ஸ் தாங்கும், ஆனால் நீளம் மில்லிமீட்டர் கணக்கில் போகும். எதை எடுத்தாலும் கணினியின் எண்களை மின்னழுத்தமாக மாற்றித் தரும் டிஜிட்டல்-அனலாக் மாற்றிகளின் மின்செலவு கூடவே வரும். அணி சிறிதாக இருந்தால் ஒளியில் மிச்சம் பிடித்ததை அவையே தின்றுவிடும்.