நேர்முகத் தேர்வு: நேரிலா, காணொளியிலா?

இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் வாய்ப்புள்ளவர்கள், தங்கள் உடல்மொழி எங்கே சரியாகப் புரிந்துகொள்ளப்படும் என்பதை முதலில் பார்க்க வேண்டும்.

பார்வை: நேரில், கேள்வி கேட்பவரின் முகத்தைப் பார்த்துப் பேசினாலே போதும்; மரியாதைக்காகத் தலை குனிவதுகூடத் தயக்கமாகத் தெரியலாம். காணொளியில், திரையிலுள்ள முகத்தை எவ்வளவு கவனமாகப் பார்த்தாலும், கேமரா பெரும்பாலும் அதற்கு மேலே இருப்பதால், கண்கள் தாழ்ந்திருப்பதாகவே எதிர்முனையில் இருப்பவருக்குத் தோன்றும். இது விண்ணப்பதாரரின் குறையே அல்ல என்பதைத் தேர்வாளர்களும் உணர வேண்டும்.

கைகால்: நேரில் நடை, அமரும் விதம், ஆடும் கால் அனைத்தும் தெரியும். காணொளியில் மார்புக்கு மேல் மட்டுமே.

செலவு: நேரில் பயணம், காணொளியில் தடைபடாத இணையம்.

கைகளை அசைத்து இயல்பாகப் பேசுபவருக்கு நேரில் செல்வதே ஏற்றது. புதிய இடத்தில் பதற்றப்படுபவர், மடிக்கணினியின் கேமரா கண்மட்டத்துக்கு வருமாறு புத்தகங்களை அடுக்கி உயர்த்திவிட்டு, காணொளியைத் தேர்ந்தெடுக்கலாம்.