ஜிஎல்261 சுண்டெலியா, நோயாளியின் கட்டி ஏற்றிய சுண்டெலியா?

கோவையில் கிளியோபிளாஸ்டோமா என்னும் கொடிய மூளைக்கட்டியை ஆராயத் தொடங்கும் மாணவர்கள் என்னிடம் முதலில் கேட்பது, எந்தச் சுண்டெலி மாதிரியைத் தேர்ந்தெடுப்பது என்பதுதான்.

செலவு: ஜிஎல்261 என்னும் எலி மூளைக்கட்டி உயிரணுக்கள், சி57பிஎல்/6 என்னும் சாதாரண ஆய்வக எலி இனத்தில் வளரும். நோயாளியின் கட்டியை ஏற்க எதிர்ப்பாற்றல் குன்றிய எலிகள் வேண்டும். அவற்றுக்கு வடிகட்டிய காற்று ஒரு நாள்கூட நிற்கக்கூடாது என்பதால், சித்திரை மாத மின்வெட்டுக்கான ஜெனரேட்டரையும் சேர்த்தே கணக்கிட வேண்டும்.

காலம்: முன்னது சில வாரங்களில் முற்றிவிடும், பின்னது மாதக்கணக்கில் காக்க வைக்கும், சில கட்டிகள் பிடிப்பதே இல்லை.

நம்பகம்: இங்குதான் நிதானம் தேவை. 1939இல் வேதிப்பொருளால் எலி மூளையில் உண்டாக்கப்பட்ட ஜிஎல்261, மனிதக் கட்டியைவிட எளிதாக நோயெதிர்ப்பு அணுக்களின் கண்ணில் படும். நோயெதிர்ப்பு அணுக்களை அடக்கும் பிடி-1 என்னும் புரதத்தைத் தடுக்கும் மருந்துகள் இந்த எலிகளின் ஆயுளை நீட்டின. ஆனால் கட்டி மீண்டும் வந்த 369 நோயாளிகளிடம் நடந்த செக்மேட் 143 சோதனையில், பிடி-1 தடுப்பு மருந்தான நிவோலுமாப், கட்டிக்கு ரத்தக்குழாய் வளர்வதைத் தடுக்கும் பெவசிசுமாபைவிடக் கூடுதல் ஆயுள் தரவில்லை என 2020இல் வெளியான முடிவு இன்னும் மனத்தை உறுத்துகிறது. நோயாளியின் கட்டியோ, வளர்ப்புத் தட்டில் தொலைந்துபோகும் ஈஜிஎஃப்ஆர் மரபணுப் பெருக்கத்தை (கட்டியை வளர்க்கும் அந்த மரபணு பல படிகளாகப் பெருகியிருப்பதை) எலியின் உடலில் காத்துக்கொள்கிறது.

கைவேலை: இரண்டிலும் உயிரணுக்களை மூளைக்குள் செலுத்திய ஊசியை மிக மெதுவாக வெளியே இழுக்க வேண்டும், அவசரப்பட்டால் உயிரணுக்கள் ஊசித்தடத்தின் வழியே மேலேறி, கட்டி மூளையுறையில் வளர்ந்துவிடும்.

நோயெதிர்ப்புச் சிகிச்சையை ஆராய்வோருக்கு, அதன் குறையை மனத்திலிருத்தியபடி, ஜிஎல்261 ஏற்றது. மரபணுக் குறி பார்த்து மருந்தைச் சோதிப்போர், செலவானாலும், நோயாளியின் கட்டியையே நாடுவது நல்லது.