மொரிஷியஸ் வகுப்பில் தமிழ் எழுத்து: வரிசையா, வடிவமா, சொல்லா?

கிரேட் 1 பிள்ளைக்குத் தமிழ் எழுதச் சொல்லித்தர மூன்று வழிகள் உண்டு. அ, ஆ என்று அரிச்சுவடி வரிசையில் போகலாம். ட, ப, ம என்று கைக்கு எளிய வடிவங்களில் தொடங்கலாம். எழுத்தைப் பிரிக்காமல் சொல்லையே எழுதவைக்கலாம். தமிழ்நாட்டில் எந்த வழியில் போனாலும் பிள்ளை ஒருவாறு தேறிவிடும். அதன் காதில் நாளெல்லாம் தமிழ் விழுகிறது. இங்கே மொரிஷியஸில் வீட்டில் கிரியோல் (பிரெஞ்சிலிருந்து பிறந்த தீவு மொழி), பள்ளியில் ஆங்கிலமும் பிரெஞ்சும். தமிழ் விருப்பப் பாடம்தான். இந்தி, உருது, தெலுங்கு, 2012இல் வந்து சேர்ந்த கிரியோல் என்று ஆளுக்கொரு பாடத்துக்குப் பிள்ளைகள் பிரிந்துபோகும் வேளையில் நம் அறைக்கு வருபவர்களுக்கு ஒலி, பொருள், வடிவம் மூன்றுமே புதிது. ஆகவே எந்த வழி என்பது இங்கே சின்ன விஷயமல்ல.

வரிசை முறைக்கு வயதும் மரியாதையும் உண்டு. பாட்டாகப் பாடலாம், தமிழ் வாசிக்கத் தெரியாத பாட்டிகூடச் சிலசமயம் கூடவே சொல்வார். ஆனால் அது வாய்க்கான வரிசை, கைக்கான வரிசை அல்ல. மூன்றாவது எழுத்தே இ. எங்கே தொடங்கி எந்தப் பக்கம் சுழிப்பது என்று தெரியாமல் பென்சில் நின்றுவிடுகிறது. மெய்யெழுத்தில் க்-க்கு அடுத்தே ங், ச்-க்கு அடுத்தே ஞ். இவற்றை வைத்து ஆறு வயதுப் பிள்ளை என்ன சொல் எழுதும்? 247 எழுத்தையும் முடித்துவிட்டுத்தான் சொல்லுக்கு வருவேன் என்று உட்கார்ந்தால் ஆண்டு போய்விடும். க, கா, கி என்ற அட்டவணை அருமையான கருவிதான். எழுதத் தெரிந்த பிள்ளைக்கு அது ஒழுங்கைக் காட்டும். தெரியாத பிள்ளைக்குச் சுவர் அலங்காரம்.

வடிவ முறையில் ஒன்றிலிருந்து ஒன்று பிறக்கிறது. கீழ்நோக்கி ஒரு கோடு, அங்கிருந்து வலப்பக்கமாக ஒரு கோடு: ட. அதையே மேலே இழுத்தால் ப. இன்னும் ஒரு வளைவு சேர்த்தால் ம. புள்ளி வைக்கப் பழகியதும் படம், பட்டம் வந்துவிடும். கை தேற இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது. குறை வேறு இடத்தில். எழுத்துக்கு ஏற்ற சொல்லைத் தேடும்போது மடம், மட்டம் போன்றவை வந்து விழுகின்றன. பிள்ளைக்கு அவை வெறும் சத்தம். கால் சேர்த்து 'மாமா' எழுதச் சொன்னால் அழகாக எழுதிவிட்டுப் பக்கத்தில் அம்மாவை வரைவாள். கிரியோலில் அம்மாதானே 'மாமா'!

சொல் முறை இந்தக் குறையை நேராகத் தீர்க்கிறது. கோவில், காவடி, வடை என்று பிள்ளை ஏற்கெனவே அறிந்த சொற்கள். கூடவே பிரெஞ்சு எழுத்துக்கூட்டலில் மட்டுமே பார்த்த தன் குடும்பப் பெயர் தமிழில். அந்த ஆர்வத்துக்கு ஈடில்லை. ஆனால் பிள்ளை சொல்லை எழுதுவதில்லை, படமாக வரைகிறது. 'கோவில்' என்பதைப் பார்க்காமல் எழுதச் சொல்லுங்கள்: 'கேவில்' வரும், அல்லது க-வுக்குப் பின்னால் ஒரு கொம்பு தொங்கும். ரோமன் எழுத்தில் காதில் விழும் வரிசையிலேயே எழுதிப் பழகிய கை அது. பின்னால் ஒலிக்கும் உயிருக்கு முன்னால் கொம்பு, பின்னால் கால் என்று இரண்டு பக்கமும் அடைக்கவேண்டும் என்பதை யாராவது பிரித்துக் காட்டினால்தானே தெரியும்.

என் கட்சி வடிவ முறைதான். சொற்களை மட்டும் தீவின் சமையலறையிலிருந்தும் கோவிலிலிருந்தும் எடுக்கவேண்டும். ட, ப, ம-வுக்குப் பிறகு ர, ச வந்ததும் 'ரசம்' எழுதலாம். கொம்பும் இல்லை, காலும் இல்லை, வீட்டில் எல்லாருக்கும் தெரிந்த சொல். க, வ, கால், மேல்விலங்கு (டி-யின் மேல் வளைவு) வந்தால் 'காவடி'. முன்னால் நிற்கும் ஐகாரக் குறியை 'வடை'யில் காட்டலாம். இரண்டு பக்கமும் குறி வாங்கும் 'கோவில்' கடைசியில். மோக்காவில் உள்ள மகாத்மா காந்தி நிறுவனம் தயாரிக்கும் பாடநூலை ஒதுக்கவேண்டியதில்லை. நோட்டில் எழுதும் வரிசையை மட்டும் மாற்றிக்கொள்ளலாம்.

மேல் வகுப்பில் போட்டி பார்த்தெழுதுவதற்கும் சொந்த வாக்கியத்துக்கும் இடையே. தொடக்கப் பள்ளி முடிவில் வரும் கிரேட் 6 தேர்வை நினைத்துப் பலரும் பார்த்தெழுதவைக்கிறார்கள். நோட்டு முத்து முத்தாக இருக்கும், பெற்றோருக்கும் சந்தோஷம். ஆனால் பிள்ளை யோசித்த வாக்கியம் ஒன்றுகூட அதில் இருக்காது. காவடி நாளைப் பற்றி மூன்று வரி எழுதச் சொன்னால் 'நான் போனேன் கோவில்' என்று கிரியோல் வரிசையில் வரும். சிவப்பு மை வேண்டாம். மூன்று சொல்லையும் மூன்று துண்டுத் தாளில் எழுதிக் கொடுத்து, வினையைக் கடைசிக்கு நகர்த்தச் சொல்லுங்கள். அது படிந்த பிறகு 'கோவில்' துண்டை வாங்கிக்கொண்டு 'கோவிலுக்கு' துண்டைக் கொடுக்கலாம்.