பள்ளப் பலகையா, வளைத்த ப்ளைவுட்டா?

எதிரெதிரே இரண்டு வெறுஞ்சுவர் உள்ள அறையில் கைதட்டினால் ‘ட்ர்ர்ர்’ என்று உதறும். சுவர் முழுக்கப் பஞ்சுப் பலகை அடித்தால் உதறல் போகும், கூடவே அறையின் உயிரும் போகும். சுவரில் மாட்டும் டிஃப்யூசர் ஒலியைக் குடிக்காது, சிதறடிக்கும். எந்த டிஃப்யூசர் என்பதுதான் கேள்வி.

ஜெர்மானிய இயற்பியலாளர் மான்ஃப்ரெட் ஷ்ரோடர் 1970-களில் முன்வைத்த கணக்கிலிருந்து வந்தது க்யூஆர்டி (Quadratic Residue Diffuser), அதாவது வெவ்வேறு ஆழத்தில் பள்ளங்கள் கொண்ட பலகை. 0 முதல் 6 வரை ஒவ்வோர் எண்ணின் வர்க்கத்தையும் 7-ஆல் வகுத்த மீதிதான் ஏழு பள்ளத்துக்கு ஆழ வரிசை: 0, 1, 4, 2, 2, 4, 1. சிதறல் 500 ஹெர்ட்ஸில் தொடங்க வேண்டும் என்றால், அதன் அலைநீளம் 68.6 செ.மீ.; பள்ள எண்ணிக்கையின் இரு மடங்கான 14-ஆல் வகுத்தால் ஓர் அலகு 4.9. ஆக ஆழம் 0, 4.9, 19.6, 9.8, 9.8, 19.6, 4.9 செ.மீ. பள்ளத்தின் அகலம் 5 செ.மீ. என்றால் சுமார் 3,400 ஹெர்ட்ஸ் வரை கணக்கு நிற்கும். நடுத்தடுப்புகளை மிச்சம் பிடிக்கப் போனால் ஒலி பக்கத்துப் பள்ளத்துக்குத் தாவி, கணக்கு குலையும். மூட்டுகளில் இடைவெளி இருந்தால் அங்கே ஒலி உறிஞ்சப்படும். பசை போட்டு அடையுங்கள்.

பலரும் சறுக்குவது அடுத்த படியில். ஒரே பலகையை நான்கைந்து வரிசையாக மாட்டுவார்கள். ஒரே அமைப்பு திரும்பத் திரும்ப வந்தால் ஒலி பரவாமல் சில திசைகளில் மட்டும் குவியும். நடுநடுவே 4, 3, 0, 2, 2, 0, 3 என்ற மாற்று வரிசைப் பலகையைக் கலந்தால் இது வெகுவாகக் குறையும். அதிகபட்ச ஆழம் மாறாது.

வளைத்த ப்ளைவுட்டில் இந்தத் தொல்லை குறைவு. 120 செ.மீ. அகலத்துக்கு 20 செ.மீ. புடைப்பு, அதாவது ஒரு மீட்டர் ஆரம், 3 மி.மீ. ப்ளைவுட் முறியாமல் வளையும். ஒலியைத் திசையில் நன்றாகவே விரிக்கும். ஆனால் திரும்பும் ஒலியை முன்னும் பின்னுமாக நேரத்தில் கலைப்பதில் க்யூஆர்டி அளவுக்கு வராது. விரல் முட்டியால் தட்டிப் பாருங்கள்: ‘தும்’ என்று மேளம் போல் அதிர்ந்தால் உள்ளே கண்ணாடி இழைப் பஞ்சை அடைக்க வேண்டும். 

கட்டைகள் ஏற்ற இறக்கமாய் நிற்கும் ஸ்கைலைன் என்ற இன்னொரு வகை டிஃப்யூசர் மேலும் கீழும் பக்கவாட்டிலும் சிதறடிக்கும், கூரைக்கு ஏற்றது. அறுக்க வேண்டிய துண்டுகள்தான் ஏராளம். முட்டை அட்டையை இந்தக் கணக்கில் சேர்க்கவே வேண்டாம்.

சின்ன அறை என்றால் என் ஓட்டு வளைவுக்கே. க்யூஆர்டிக்கும் கேட்பவருக்கும் நடுவே தூரம் வேண்டும்: தொடங்கும் அலைநீளத்தைப் போல் மூன்று மடங்கு, 500 ஹெர்ட்ஸுக்குச் சுமார் 2 மீட்டர். நாற்காலிக்கும் பின்சுவருக்கும் நடுவே அவ்வளவு இல்லையென்றால் அந்தச் சுவருக்கு 10 செ.மீ. பஞ்சே போதும்.